கார்த்தியின் பயிற்சி விஷயமாக அக்காவுக்கு

ஷ்டுட்கார்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். மாமாவும் அத்தையும் நலமா? கார்த்தியை ஜெர்மனிக்கு அனுப்ப ஏஜென்ட் நாலு லட்சம் கேட்கிறார், படிப்பும் சம்பளமும் சேர்ந்தே கிடைக்குமாம், நம்பலாமா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன். மாமாவும் படிக்கட்டும், பட்டறை நடத்துகிறவருக்கு இது சட்டென்று பிடிபடும்.

ஏஜென்ட் சொல்வது பொய்யில்லை. ஆனால் இதை அவர் காலேஜ் அட்மிஷன் மாதிரி பேசுகிறார் பார், அங்கேதான் இடிக்கிறது. 'அவுஸ்பில்டுங்' என்கிற தொழிற்பயிற்சி முதலில் ஒரு கம்பெனியோடு போடும் ஒப்பந்தம். கம்பெனி எடுத்துக்கொண்டால்தான் பள்ளியே. வாரத்தில் மூன்று, மூன்றரை நாள் கம்பெனியில். மீதி நாள் அரசுத் தொழிற்பள்ளியில். சில ஊர்களில் பள்ளி நாட்களைச் சேர்த்து வாரக்கணக்கில் வைப்பார்கள். பள்ளிக்குப் போகும் நாளுக்கும் சம்பளம் உண்டு, பள்ளிக்கு ஃபீஸ் கிடையாது. ஒப்பந்தம் அந்த வட்டாரத்துத் தொழில் வணிகச் சபையிலோ கைவினைச் சபையிலோ பதிவாக வேண்டும். பதிவாகாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு பரீட்சை எழுத முடியாது.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததில்லை. 1895இல் மியூனிக் நகரப் பள்ளிகளின் பொறுப்புக்கு கியோர்க் கெர்ஷென்ஷ்டைனர் என்ற கணக்கு வாத்தியார் வந்தார். அப்போது 13, 14 வயதில் பள்ளியை முடித்த பையன்கள் பட்டறைக்குப் போவார்கள். வேலை போக மிச்ச நேரத்தில் வகுப்பு. அதுவும் ஏற்கெனவே படித்த வாசிப்பும் கணக்கும்தான். யாருக்கும் அதில் நாட்டமில்லை. 1900 முதல் அவர் இதைத் தொழில்வாரியாகப் பிரித்தார். தச்சருக்குத் தனி வகுப்பு, ரொட்டி சுடுகிறவருக்குத் தனி வகுப்பு, பள்ளிக்குள்ளேயே பட்டறை, அந்தந்தத் தொழிலுக்கான கணக்கு, வரைபடம். நோக்கம் முழுக்கப் பையன்களின் நலம்தான் என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கும் ராணுவத்துக்கும் நடுவில் இருக்கும் வயதில் அவர்களை அரசுக்கு இணக்கமான குடிமக்களாக வார்க்க வேண்டும் என்ற கவலையும் அதில் இருந்தது. ஆனாலும் வேலையையே பாடமாக்கிய அந்த அமைப்பு நின்றுவிட்டது.

நாடு முழுதுக்கும் ஒரே சட்டம் வந்தது 1969இல்தான். அதற்கு முன்பு பயிற்சி என்ற பேரில் பட்டறையைக் கூட்டுவதும் எடுபிடி வேலையுமாகவே பல பையன்களுக்கு நாள் போனது. 1968 வாக்கில் ஹாம்பர்க் போன்ற ஊர்களில் பயிற்சியாளர்களே தெருவில் இறங்கினார்கள். எழுத்தில் ஒப்பந்தம், எந்தக் கட்டத்தில் என்ன கற்றுத்தர வேண்டும் என்ற திட்டம், பயிற்சிக்குச் சம்பந்தமில்லாத வேலை வாங்கக் கூடாது என்ற விதி, எல்லாம் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. கார்த்தி இவற்றைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். மளிகை வாங்கிவா என்று அனுப்பினால் மறுக்கலாம். தான் வேலை செய்த இடத்தைத் துடைப்பதை மறுக்க முடியாது.

பின்னுக்குப் போன சீர்திருத்தமும் உண்டு. பயிற்சி கொடுப்பவர் அதற்கென்று ஒரு தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்பது விதி. பயிற்சி இடங்கள் குறைந்துகொண்டே வந்ததால், கம்பெனிகளுக்குச் சுமை குறையட்டும் என்று 2003இல் அந்தத் தேர்வை நிறுத்திவைத்தார்கள். சலுகை கொடுத்தால் எல்லோரும் பயிற்சி கொடுக்க வந்துவிடுவார்கள் என்ற கணக்கு. தரம் கெடுகிறது என்று தெரிந்ததும் 2009இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். என்னைக் கேட்டால் அதை எடுத்திருக்கவே கூடாது. நல்ல மெக்கானிக் எல்லோரும் நல்ல வாத்தியார் ஆகிவிடுவதில்லை.

இனி கார்த்தி கேட்ட இண்டஸ்ட்ரியல் மெக்கானிக் பயிற்சி, அதாவது கம்பெனி மெஷின்களைப் பொருத்திப் பழுதுபார்க்கிற தொழில். மொத்தம் மூன்றரை வருஷம். ஆரம்ப வாரங்களில் கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சி மெஷின் பக்கமே விடமாட்டார்கள். கையில் அரத்தையும், வைஸ் என்ற இறுக்கிப் பிடிக்கும் கருவியில் ஒரு 'யூ' வடிவ இரும்புத் துண்டையும் கொடுத்து ராவச் சொல்வார்கள். ராவிய பரப்பின் மேல் மூலைமட்டத்தை நிறுத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்கில் ஒளிக்கீற்று தெரியும். கீற்று சீராக மெல்லியதாக இருந்தால் பரப்பு சமம். இரண்டு ஓரத்திலும் ஒளி வந்து நடுவில் வராவிட்டால் நடு மேடாகிவிட்டது, அதாவது தள்ளும்போது அரம் தராசு மாதிரி ஆடியிருக்கிறது. காரணம் கையில் இல்லை, நிற்கும் நிலையில். வைஸ் முழங்கை உயரத்துக்கு இருக்க வேண்டும், முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்த வேண்டும், திரும்ப இழுக்கும்போது அழுத்தம் கூடாது. பையன்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். அவசரத்தில் அளவுக்குக் கீழே ராவிவிட்டால் துண்டு குப்பைக்குத்தான் போகும்.

ஆனால் ராவுவது மட்டுமே பயிற்சி என்ற காலம் 1987இல் முடிந்தது. அந்த வருஷத்து மாற்றத்தில் பல உலோகத் தொழில்களை ஒன்றாகச் சேர்த்து எண்ணிக்கையைக் குறைத்ததோடு, பையன் வேலையைத் தானே திட்டமிட்டு, தானே செய்து, தானே சரிபார்க்க வேண்டும் என்பதையும் விதியாக்கினார்கள். 1996 முதல் தொழிற்பள்ளியிலும் கணக்கு, வரைபடம் என்று தனித்தனிப் பாடமாக இல்லாமல், வேலைகளை ஒட்டியே பாடத்திட்டம் எழுதுகிறார்கள். 2018இல் டிஜிட்டல் வேலையும் தகவல் பாதுகாப்பும் சேர்ந்தன. 3டி பிரிண்டிங் மாதிரியான கூடுதல் தகுதிகளை விருப்பம் இருந்தால் எடுக்கலாம்.

பரீட்சை இரண்டு பாகம். முதல் பாகம் இரண்டாம் வருஷம் முடிவதற்குள் வரும், அதற்கே 40 சதவீதம். நம் பையன்கள் அதை அரையாண்டுப் பரீட்சை மாதிரி நினைத்துக் கோட்டைவிடுகிறார்கள். இரண்டாம் பாகத்தில் கம்பெனியின் நிஜமான வேலை ஒன்றை 18 மணி நேரத்துக்குள் முடித்து, ஆவணம் எழுதி, தேர்வுக்குழு முன்னால் 30 நிமிஷம் வரை பேச வேண்டும். அல்லது சபை கொடுக்கும் 14 மணி நேரச் செய்முறை. எது என்பதைக் கம்பெனி முடிவு செய்யும். குழுவில் முதலாளி தரப்பு, தொழிலாளர் தரப்பு, தொழிற்பள்ளி ஆசிரியர் மூவரும் இருப்பார்கள். ஏன் இந்த விட்டத்தில் துளை போட்டாய், ஏன் இந்த வேகம் என்று கேட்பார்கள். தவறினால் இரண்டு தடவை திரும்ப எழுதலாம்.

பயிற்சிக் குறிப்பேடு ஒன்றும் உண்டு. அன்றாடம் என்ன செய்தான் என்று எழுதி, பயிற்சி கொடுப்பவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அது முழுதாக இல்லாவிட்டால் பரீட்சைக்கே விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானமே அந்த வாரத்தை எழுதி முடித்துவிட வேண்டும். எழுதுவதற்குக் கம்பெனி வேலை நேரத்திலேயே இடம் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம்தான்.

பணம். 2020 முதல் குறைந்தபட்சப் பயிற்சிச் சம்பளம் உண்டு. அப்போது முதல் வருஷத்துக்கு மாதம் 515 யூரோ. 2026இல் சேர்கிறவர்களுக்கு 724. இரண்டாம் வருஷம் அதற்கு மேல் 18 சதவீதம், மூன்றாம் வருஷம் 35. தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள பெரிய உலோகக் கம்பெனிகளில் முதல் வருஷமே 1000க்கு மேல். காப்பீட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு போல பிடித்துக்கொள்வார்கள். குறைந்தபட்சச் சம்பளத்தில் ஷ்டுட்கார்ட்டில் அறை எடுத்தால் வாடகைக்குப் பின் கையில் ஒன்றும் மிஞ்சாது. சின்ன ஊர்க் கம்பெனி தேடுவது புத்திசாலித்தனம். சம்பளம் செலவுக்குப் போதாவிட்டால் மீதிக்குப் பணம் இருப்பதை விசாவுக்குக் காட்ட வேண்டும். வாரம் 20 மணி நேரம் வரை பகுதிநேர வேலையும் செய்யலாம், ஆனால் முதல் வருஷத்தில் உடம்பு தாங்காது.

நூற்றுக்கு முப்பது போல ஒப்பந்தங்கள் நடுவிலேயே முறிகின்றன. அதில் பலர் வேறு கம்பெனிக்கோ வேறு தொழிலுக்கோ மாறிக்கொள்கிறார்கள், எல்லோரும் படிப்பை விடுவதில்லை. இந்த நாட்டுப் பையனுக்கு மாறுவது சுலபம், கார்த்திக்கு விசாவே அந்த ஒப்பந்தத்தைப் பிடித்துத்தான் நிற்கிறது. ஒன்றிலிருந்து நாலு மாதம் வரை சோதனைக்காலம்; அதற்குள் எந்தப் பக்கமும் காரணம் சொல்லாமல் விலகலாம். அதைத் தாண்டிவிட்டால் தகுந்த காரணம் இல்லாமல் கம்பெனி வெளியே அனுப்ப முடியாது.

பெரும்பாலும் காலை வாருவது பாஷைதான். விசாவுக்கு ஜெர்மன் மொழித் தேர்வில் பி1 என்ற நடுத்தர நிலை போதும், பி2 அதற்கு அடுத்த படி. பேசுவது, எழுதுவது, படிப்பது, கேட்பது என நாலு பகுதி, ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வேண்டும். ஆனால் தொழிற்பள்ளியின் வினாத்தாள் பி1க்கு மேலே இருக்கும், பட்டறையில் பேசும் ஸ்வேபிய வட்டார வழக்கு எந்தப் புத்தகத்திலும் இருக்காது. பி2 முடித்துவிட்டு வந்தால் மூச்சுவிட முடியும். சென்னையில் ஜெர்மன் சொல்லித்தரும் மேக்ஸ் முல்லர் பவனில் பரீட்சை வைக்கிறார்கள்.

இங்கே பயிற்சி ஆண்டு செப்டம்பரில் தொடங்கும். பெரிய கம்பெனிகள் ஒரு வருஷம் முன்பே ஆள் எடுத்துவிடும், சின்னவை கோடை வரை எடுக்கும். விண்ணப்பத்துக்கு ஒரு பக்கக் கடிதம், அட்டவணை வடிவில் சுயவிவரம், மதிப்பெண் சான்றிதழ்களின் மொழிபெயர்ப்பு. மாமா பட்டறையில் லேத்தில் நின்றதைக் கட்டாயம் எழுதச் சொல். எந்த மெஷின், என்ன பாகம், எத்தனை மில்லிமீட்டர் துல்லியம் என்று எழுதினால் ஆள் எடுப்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

ஏஜென்டிடம் மூன்றே கேள்வி கேள். கம்பெனியின் பேரும் முகவரியும் என்ன? ஒப்பந்தம் எந்தச் சபையில் பதிவாகும்? நாலு லட்சத்தில் எது பாஷை வகுப்புக்கு, எது மொழிபெயர்ப்புக்கு, எது அவருக்கு? பதிலை எழுத்தில் வாங்கு. இழுத்தடித்தால் முன்பணம் கொடுக்காதே. ஒப்பந்தம் கைக்கு வந்தால் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நான் வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.

அத்தைக்கு முட்டிவலி மாத்திரை அடுத்த மாதம் வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
தம்பி