அந்தப் படம் சுவாயேவுடையது அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரான்ஸிலிருந்து போய் இங்கிலாந்தில் பெயர் வாங்கிய சமையற்கலைஞர் அலெக்சிஸ் சுவாயேவைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு பக்கக் கட்டுரை வெளியிட்டிருக்கிறீர்கள். தமிழில் அவரைப் பற்றி யாராவது எழுத மாட்டார்களா என்று ஏங்கியவர்களில் நானும் ஒருவன். நன்றி சொல்லித்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கியிருப்பேன். நான்காம் பக்கத்தின் அடியில் வந்த வரி அதற்கு இடம் கொடுக்கவில்லை. "கிரீமியப் போரின்போது நைட்டிங்கேல் அம்மையாருக்கு ஒத்தாசையாகப் போய்ச் சிறிது காலம் சூப் கிண்டிவிட்டு வந்தார்." அவ்வளவுதான். அடுத்த பத்தியில் ஆளையே புதைத்துவிட்டார் கட்டுரையாளர்.

நான் ஓர் அரசு மருத்துவமனையின் சமையலறையில் வேலை பார்த்து, தலைமைச் சமையலராக ஓய்வு பெற்றவன். சூப்பும் கிண்டியிருக்கிறேன், கஞ்சியும் வடித்திருக்கிறேன். ஆகவே எனக்குக் கோபம் வருவதில் வியப்பில்லை என்று தாங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோபத்துக்குக் காரணம் என் தொழில் அபிமானம் மட்டும் அல்ல.

1838இல் விக்டோரியா மகாராணி முடிசூடிய நாளில் இரண்டாயிரம் பேருக்குக் காலை விருந்து படைத்ததற்கு முக்கால் பக்கம். அவர் தலைமைச் சமையலராக இருந்த லண்டன் ரிஃபார்ம் கிளப்பின் ஆட்டிறைச்சிக் கட்லெட்டுக்கு அரைப் பக்கம். நடனக் கலைஞர் ஃபேனி செரிட்டோவுடன் அவருக்கிருந்த நட்புக்கு, படத்தோடு, இன்னொரு முக்கால் பக்கம்! இவற்றில் எதுவும் பொய் என்று நான் சொல்லவில்லை. அதே ரிஃபார்ம் கிளப்பில் கட்டடக் கலைஞர் சார்லஸ் பாரியோடு உட்கார்ந்து அவர் திட்டமிட்ட சமையலறைக்கு எத்தனை வரி? இரண்டு. ஊரெல்லாம் நிலக்கரிப் புகையில் வெந்துகொண்டிருந்த காலத்தில், எரிவாயு அடுப்பு வைத்து, வேண்டியபோது தீயைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்தவர் அவர். விறகுப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே அண்டாவைக் கிளறிய யாரிடமாவது கேட்டிருந்தால், அந்த இரண்டு வரி இரண்டு பத்தியாக வளர்ந்திருக்கும்.

சரி, புகழ் மிச்சம் பிடித்துவிட்டார், போகட்டும் என்றால், அதைக் கொண்டுபோய்க் கொட்டியிருப்பது டப்ளினில். 1847இல் "அயர்லாந்தின் பஞ்சத்தைத் தன் அகப்பையால் விரட்டியவர்" என்று கட்டுரை சொல்கிறது. ஏறத்தாழப் பத்து லட்சம் பேரை வாரிக்கொண்டு போன பஞ்சம் அது. எந்த அகப்பைக்கும் அது பயந்ததாகத் தெரியவில்லை. அரசு அழைத்ததால் சுவாயே போனார், ஏப்ரலில் ராணுவக் குடியிருப்புக்கு எதிரே பெரிய கொதிகலனை வைத்தார், ஆயிரக்கணக்கானோருக்கு ஊற்றினார். உண்மைதான். என்ன ஊற்றினார்? அவரே அச்சிட்டுக் கொடுத்த செய்முறையைப் பாருங்கள்: இரண்டு காலன், அதாவது ஒன்பது லிட்டர் தண்ணீருக்குக் கால் பவுண்டு மாட்டிறைச்சி. கொஞ்சம் கொழுப்பு, இரண்டு வெங்காயம், அரைப் பவுண்டு மாவு, அரைப் பவுண்டு பார்லி, உப்பு, சிட்டிகை சர்க்கரை. இதில் ஒருவேளையும் ஒரு பிஸ்கட்டும் இருந்தால் ஆரோக்கியமான ஆள் ஒரு நாளைத் தள்ளிவிடலாம் என்று சொன்னார். லண்டன் மருத்துவப் பத்திரிகையான லான்செட் அப்போதே அதை மறுத்து எழுதியது. என்னிடம் ஒரு டயட் ஷீட்டில் இதைக் கொடுத்திருந்தால் மருத்துவரிடம் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருப்பேன். மணி அடித்தால் நூறு பேர் உள்ளே வந்து உட்கார வேண்டும். கரண்டி மேசையோடு சங்கிலியில் கிடக்கும். மறுபடி மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும். ஏழைகள் உண்பதைச் சீமான்களும் சீமாட்டிகளும் ஐந்து ஷில்லிங் கொடுத்து நின்று பார்த்தார்கள். இந்தச் செய்தியைக் கட்டுரையாளர் அறியாதவர் அல்லர். "பிரபுக்களும் திரளாக வந்து வாழ்த்தினர்" என்று எழுதியிருக்கிறாரே, அது இதுதான். கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் மாலை, மாலை போட வேண்டிய இடத்தில் கிண்டல்.

இனி அந்த ஒத்தாசைக்கு வருகிறேன். கிரீமியாவில் ரஷ்யாவோடு பிரிட்டன் போரிட்டுக்கொண்டிருந்த 1855 பிப்ரவரியில் சுவாயே லண்டன் டைம்ஸ் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். துருக்கியில் ஸ்குடாரி மருத்துவமனையில் சிப்பாய்கள் படும் பாட்டைப் பத்திரிகையில் படித்தேன், என் சொந்தச் செலவில் போய் அங்குள்ள சமையலறையைச் சீர்செய்கிறேன், அரசு அனுமதித்தால் போதும் என்றார். தங்களுக்குத் தெரியாததா? ஆசிரியருக்கு வந்த கடிதத்தை அந்தப் பத்திரிகை முழுதாக வெளியிட்டது என்பதை மட்டும் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

அங்கே அவர் கண்டது இது. ஒவ்வொரு குழுவும் தன் பங்கு இறைச்சியைக் கட்டையோடு இறுகக் கட்டி, அடையாளத்துக்குப் பழைய பொத்தானையோ சிவப்புத் துணியையோ தொங்கவிட்டு, ஒரே செப்புக் கொப்பரையில் போடும். கட்டிய இறுக்கத்தில் வெளிப்புறம் நாராகும், உட்புறம் வேகாது. வெந்த தண்ணீரை, அத்தனை சத்தும் இறங்கிய தண்ணீரை, தரையில் கொட்டிவிடுவார்கள். பிறகு அதே கொப்பரையில் தேநீர். சுவாயே செய்தது மந்திரம் இல்லை. கட்டைத் தளர்த்தச் சொன்னார். தண்ணீரைக் கொட்டாதே என்றார். அதில் உப்பும் காய்கறியும் சேர்த்து நோயாளிக்குக் கொடுக்கச் செய்தார். எந்த நோயாளிக்கு எது, எத்தனை அளவு என்று பட்டியல் எழுதினார். சமைக்கத் தெரியாத சிப்பாய்களை முறைவைத்து அடுப்படிக்குத் தள்ளுவதை நிறுத்தி, பழகிய ஆட்களை நிரந்தரமாக நிறுத்தச் சொன்னார். பிறகு மே மாதம் நைட்டிங்கேலோடு கிரீமியாவில் இருக்கும் பாலக்லாவா துறைமுகத்துக்கும் போனார். வறுக்காத பச்சைக் காப்பிக் கொட்டையைக் குளிர்காலத்தில் சிப்பாய்க்கு அளந்து கொடுத்த போர்முனை அது. வறுக்க விறகு எங்கே என்று எவரும் கேட்கவில்லை. அங்கேதான் போர்முனைக்கென்று அவர் வடிவமைத்த அடுப்பு வேலை செய்தது. பீப்பாய் வடிவம், கொஞ்சம் விறகு, மழையிலும் காற்றிலும் அணையாது. 1982இல் ஃபாக்லாந்துப் போர் வரைக்கும் பிரிட்டிஷ் ராணுவம் அதன் வழிவந்த அடுப்பை வைத்திருந்தது. சூப் கிண்டிவிட்டு வந்தாராம்!

நான் வேலை பார்த்த இடத்தில் நாள்தோறும் வடித்த கஞ்சியைச் சாக்கடையில்தான் ஊற்றுவார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து வாய் திறக்கிற நோயாளிக்கு வெளியே கடையில் காசு கொடுத்து ஏதேதோ வாங்கி வருவார்கள் உறவினர்கள். கஞ்சியை உப்புப் போட்டுச் சூடாக வார்டுக்கு அனுப்பத் தொடங்கினேன். மருத்துவர்களும் சரி என்றார்கள். அதிகாரி ஒருவரிடமிருந்து மெமோ வந்தது: டயட் பட்டியலில் இல்லாத பொருளை வழங்கியது ஏன்? தண்ணீரில் வெந்த அரிசியின் தண்ணீர் பட்டியலில் இல்லையாம். எலும்பு நீக்கிய இறைச்சி கேட்ட நைட்டிங்கேலிடமும், அதற்குத் தனியாக ஒரு விதி போட வேண்டும் என்றுதான் சொன்னார்களாம். விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கஞ்சியை அனுப்பிக்கொண்டே இருந்தேன். அப்புறம் அந்த அதிகாரி மாறிப்போனார், அது வேறு கதை.

ஆண்டுதோறும் மே 12 செவிலியர் தினம். நைட்டிங்கேல் படத்துக்கு மாலை, கையில் விளக்கு, உறுதிமொழி, பேச்சு. எல்லாம் நியாயம், அந்த அம்மையாருக்குச் செய்யத்தான் வேண்டும். கேசரி எங்கள் அடுப்பிலிருந்து போகும். பந்தல் போட்டவருக்கும் ஒலிபெருக்கி வைத்தவருக்கும் மேடையில் துண்டு போர்த்துவார்கள். கேசரிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக்கூட ஆள் வராது. நைட்டிங்கேல் அப்படி இருக்கவில்லை. சுவாயே 1858 ஆகஸ்டில், 48 வயதில் இறந்தபோது பெரும் இழப்பு என்று எழுதினார். பெருந்திரளான மனிதர்களுக்குச் சத்தாகவும் சிக்கனமாகவும் சமைப்பதற்காகவே சமையலைப் படித்தவர் அவர் ஒருவர்தான் என்ற பொருளில் அவர் எழுதியது அச்சில் இருக்கிறது. கட்டுரையாளர் அதைத் தேடியிருக்கலாம். செரிட்டோவின் படத்தைத் தேடிப் பிடித்தவருக்கு அது கடினமாக இருந்திருக்காது.

தங்கள் இதழை நான் மாணவப் பருவத்திலிருந்து வாங்குகிறேன். அப்போது வாசகர் கடிதங்களுக்கு இரண்டு முழுப் பக்கம். இப்போது சேலை விளம்பரத்துக்குக் கீழே கால் பக்கம். போன உணவுச் சிறப்பிதழில் நடிகர்கள் சொன்ன பிரியாணிக் குறிப்புகள் வந்தன. ஒருவர் தம்முக்கு முன்பே தயிரை இரண்டு முறை ஊற்றச் சொல்லியிருந்தார். நூறு பேருக்கு மேல் சமைத்த ஒருவரிடமாவது கேட்டிருக்கக் கூடாதா என்று விரிவாக எழுதினேன். அது வெளிவந்தது எப்படித் தெரியுமா? "சமையல் சிறப்பிதழ் நாவில் நீர் ஊற வைத்தது. வாழ்த்துகள்." அதன் கீழே என் பெயர்! என் மனைவி பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள், வேண்டுமானால் நகல் அனுப்புகிறேன்.

என் வேண்டுகோள் சிறியது. கட்டுரையின் முதல் பக்கத்தில் 'சுவாயே' என்று போட்டிருக்கும் வெள்ளை மீசைப் பெரியவர் சுவாயே அல்லர். அவர் ஒகுஸ்த் எஸ்கோஃபியே. அவரும் பிரெஞ்சுக்காரர், அவரும் லண்டனில் சவாய் ஹோட்டலில் பெயரெடுத்தவர், மறுக்கவில்லை. ஆனால் அவர் பிறந்தது 1846இல். சுவாயே இறந்தபோது அவருக்குப் பதினொரு வயது. மீசை முளைத்திருக்க வாய்ப்பில்லை. அடுத்த இதழில் சரியான படத்தைப் போட்டு, இரண்டு வரியில் திருத்தம் வெளியிடுங்கள். சுவாயேவின் படம் கிடைப்பது எளிது. தொப்பியைச் சாய்த்து வைத்திருப்பார், அவர் எதையும் நேராக அணிய மாட்டார்.

கடிதம் நீண்டுவிட்டது என்று ஆசிரியர் குழு கத்தரிக்கோலை எடுக்கும் என்று தெரியும். பிரியாணிப் பத்தியை எடுத்துவிடுங்கள், செவிலியர் தினத்தையும் எடுத்துவிடுங்கள். ஸ்குடாரிப் பத்தியில் மட்டும் கை வைக்க வேண்டாம். "வாழ்த்துகள்" என்று முடித்து என் பெயரைப் போடவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருத்துவமனைச் சமையலர்,
திருச்சி