சிறியதாகச் செய்தால் மட்டும் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நானோ வினையூக்கிகள் (வேதிவினையை விரைவுபடுத்தும், நானோமீட்டர் அளவுள்ள துகள்கள்) பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். உலோகத் துகள்களைப் பற்றியும் உலோக ஆக்சைடுகளைப் பற்றியும் தமிழில் இவ்வளவு தெளிவாக ஒருவர் எழுதியிருப்பது மனத்துக்கு நிறைவாக இருந்தது. ஆனால் கட்டுரை முழுக்க ஓடும் ஒரு கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. துகள் சிறுக்கச் சிறுக்க வினையூக்கம் பெருகும், ஆகவே சிறியதாகத் தயாரித்துவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணத்தோடுதான் வாசகர் அதை மூடி வைப்பார். பல ஆண்டுகள் ஆய்வகத்தில் இந்தத் துகள்களோடு பழகியவள் என்ற உரிமையில் சொல்கிறேன், வேலை அங்கேதான் தொடங்குகிறது.

பரப்பளவுக் கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள தங்கக் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்க முடிந்தால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். 3 நானோமீட்டர் துகளில் ஏறக்குறையப் பாதி அணுக்கள் வெளிப்புறத்தில்தான் நிற்கின்றன. அப்படி விளிம்பில் நிற்கும் அணுவுக்கு அண்டை அணுக்கள் குறைவு. அதனால்தான் அருகே வரும் மூலக்கூறை அது எளிதில் பற்றிக்கொள்கிறது. இதுவரை கட்டுரை சொன்னது சரி. அதே காரணத்தால் அந்த அணு பக்கத்துத் துகளையும் பற்றிக்கொள்ளும் என்பது விடுபட்டுப்போயிற்று. பற்றிக்கொண்டால் இரண்டு துகள் ஒன்றாகும், நான்கு இரண்டாகும். நாம் பாடுபட்டு உண்டாக்கிய பரப்பு கண்ணெதிரே சுருங்கிப்போகும்.

தங்க நானோ துகள்களைத் தயாரிக்க 1951-ல் வேதியியலாளர் துர்கேவிச் குழுவினர் விவரித்த சிட்ரேட் முறையைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. தங்கம் அடங்கிய சேர்மமான குளோரோ ஆரிக் அமிலத்தின் கொதிக்கும் கரைசல் வெளிர்மஞ்சளாக இருக்கும். சோடியம் சிட்ரேட்டை ஊற்றியதும் மஞ்சள் மறைந்து வெறும் நீர்போலத் தெளியும். ஒன்றும் நடக்கவில்லையோ என்று நினைக்கும்போதே மை கலந்ததுபோல் கருநீலம் பரவும். பிறகு ஊதா, அதன் பிறகு கண்ணைப் பறிக்கும் சிவப்பு. 520 நானோமீட்டர் அருகே ஒளியைத் துகள்கள் உட்கவர்வதால் வரும் சிவப்பு அது. 1857-ல் மைக்கேல் ஃபாரடே பாஸ்பரஸைக் கொண்டு தங்க உப்பை ஒடுக்கி, அதாவது எலக்ட்ரான் கொடுத்து உலோகமாக்கி, இதே நிறத்தைப் பெற்றார். நுண்ணிய தங்கமே இப்படிச் சிவக்கிறது என்று விளக்கியவரும் அவரே.

எனக்கு முதல் முறை அந்தச் சிவப்பு வரவேயில்லை. நீலத்திலேயே நின்றுவிட்டது. மறுநாள் காலையில் பார்த்தால் குடுவையின் அடியில் கறுப்புப் பொடி, மேலே தெளிந்த நீர். சிட்ரேட்டைச் சந்தேகப்பட்டேன், தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். குற்றவாளி குடுவைதான். முந்தைய சோதனையின் எச்சம் கண்ணாடிச் சுவரில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. தங்கத்தையும் கரைக்கும் அமிலக் கலவையான இராஜதிராவகத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் திரும்பத் திரும்ப அலசிய பிறகு செய்தபோதுதான் சிவந்தது. அந்தச் சிவப்புக் கரைசலிலும் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டால் போதும், உடனே நீலமாகிவிடும். சிட்ரேட் தந்த எதிர்மின்சுமைதான் துகள்களை விலக்கி வைத்திருந்தது. உப்பு அந்தக் காவலை நீக்கிவிடுகிறது.

அடுத்து, தாங்குபொருள், அதாவது துகள்கள் அமர்ந்திருக்கும் பொருள். தங்கம் வினைகளில் சேராத சோம்பேறி உலோகம் என்றே வெகுகாலம் கருதப்பட்டது. 1987-ல் ஜப்பானின் ஒசாகாவில் பணியாற்றிய மசாதாகே ஹருதா அந்த எண்ணத்தைப் புரட்டிப்போட்டார். இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆக்சைடுகளோடு சேர்த்து வீழ்படிவாக்கிய மிக நுண்ணிய தங்கத் துகள்கள், கார்பன் மோனாக்சைடை உறைநிலைக்கும் 70 டிகிரி கீழேயே ஆக்சிஜனேற்றம் செய்தன. கட்டுரை இதை நானோ அளவின் வெற்றியாக மட்டும் காட்டுகிறது. அதே அளவு தங்கத் துகள்களைச் சிலிக்கா மேல் வைத்தால் அந்த வேகம் கிடைப்பதில்லை. தங்கமும் ஆக்சைடும் தொட்டுக்கொள்ளும் விளிம்பில்தான் ஆக்சிஜன் வசப்படுகிறது. ஆக்சைடைத் துகள்கள் உட்காரும் பலகையாக மட்டும் நினைப்பது தவறு. அதுவும் வினையில் பங்குதாரர்.

இந்த வகை வினையூக்கியைத் தயாரிக்கும்போது வீழ்படிவைக் கழுவுவதற்கே பாதி நாள் போய்விடும். குளோரைடு மிச்சமிருந்தால், உலையில் சுடும்போது தங்கத் துகள்கள் ஒன்றுகூடிப் பருத்துவிடும், செயல்மிகு இடங்களும் அடைபட்டுப்போகும். வடிநீரில் ஒரு துளி வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்ப்போம். வெண்மையாகக் கலங்கினால் மறுபடியும் கழுவ வேண்டும். கலங்காமல் தெளிவாக நிற்கும்வரை கழுவ வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் 'நன்கு கழுவப்பட்டது' என்று இரண்டு சொல்லில் முடிந்துவிடும் இந்த வேலைதான் பல நேரங்களில் வினையூக்கியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

இனி என்னை மிகவும் உறுத்திய இடத்துக்கு வருகிறேன். 4-நைட்ரோபீனால் என்ற சேர்மத்தின் மஞ்சள் நிறம் சில நிமிடங்களில் மறைவதைக் காட்டி, 'வினையூக்கம் நிரூபணமானது' என்கிறார் கட்டுரையாளர். ஒடுக்கியான சோடியம் போரோஹைட்ரைடு சேர்த்தால் அந்தக் கரைசல் அடர்மஞ்சளாகி 400 நானோமீட்டரில் ஒளியை உட்கவரும். வினையூக்கி இருந்தால் நைட்ரோ தொகுதி அமினோ தொகுதியாக ஒடுங்கி, நிறம் போய்விடும். அழகான சோதனைதான், நானும் கற்பிக்கிறேன். ஒருமுறை ஒரு மாணவர் தாமிர ஆக்சைடு நானோ துகள்களோடு எட்டு நிமிடத்தில் நிறம் போனதென்று ஓடிவந்தார். துகள் போடாமல் செய்து பார்த்தாயா என்று கேட்டேன். செய்யவில்லை. இருவரும் உட்கார்ந்து செய்தோம். துகள் ஏதும் இல்லாத குடுவையிலும் இருபது நிமிடத்தில் மஞ்சள் வெளுத்துவிட்டது! காந்தக் கலக்கியில் சுழலும் தண்டை எடுத்துப் பார்த்தால், அதன் வெள்ளை டெஃப்லான் உறையில் கீறல்களும் சாம்பல் நிறப் படிவும். யாரோ முன்பு பல்லேடியம் வினைக்குப் பயன்படுத்திய தண்டு அது. புதுத் தண்டு போட்டதும் மஞ்சள் அன்று மாலைவரை அசையவில்லை. அந்த மாணவரின் முகம் வாடிப்போனது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஆனால் அவர் அன்று கற்றுக்கொண்டதை எந்தப் பாடப்புத்தகமும் கற்றுத் தந்திருக்காது. அதோடு, போரோஹைட்ரைடு தாமிர ஆக்சைடையே ஒடுக்கக்கூடியது. நாம் போட்ட பொருளும் உள்ளே வேலை செய்யும் பொருளும் ஒன்றுதானா என்பதையும் வினை முடிந்த பிறகு எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஒளியால் செயல்படும் வினையூக்கியான டைட்டானியம் டை ஆக்சைடுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஒளி படும்போது அதன் மின்வாயில் நீர் பிளவுபடுவதை 1972-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் காட்டியதிலிருந்து அதன் புகழ் தனி. ஆனால் அனடேஸ் என்ற அதன் படிக வடிவம் செயல்பட 3.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும், அதாவது புற ஊதா ஒளி. அதைச் சோதிக்க எடுத்த சாயக் கரைசல் வெளுத்தால், சாயம் சிதைந்ததா அல்லது பொடியின் மேல் ஒட்டிக்கொண்டதா என்பதை இருட்டில் வைத்துப் பார்த்த பிறகே சொல்ல முடியும்.

தாவரச் சாற்றைக் கொண்டு துகள் தயாரிக்கும் 'பசுமை முறை'யைக் கட்டுரை வானளாவப் புகழ்கிறது. நச்சுத்தன்மையுள்ள ஒடுக்கிகளைத் தவிர்க்கும் நோக்கத்தை நானும் மதிக்கிறேன். சாற்றில் உள்ள பாலிபீனால்கள் உலோக அயனியை ஒடுக்குகின்றன என்பதும் உண்மை. ஆனால் இலை பறித்த பருவம் மாறினால் சாறு மாறும், சாறு மாறினால் துகளின் அளவு மாறும். துகளைப் போர்த்தியிருக்கும் கரிமப் படலம் வினைபொருளை உள்ளே விடாமல் தடுப்பதும் உண்டு. இப்படிப் பசுமையாகச் செய்த துகளைச் சோதிக்கப் போரோஹைட்ரைடைப் பன்மடங்கு மிகையாகக் கொட்டிவிட்டு, மொத்தத்தையும் பசுமை வேதியியல் என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வாகனப் புகைக்குழாயில் நச்சுப் புகையின் தீங்கைக் குறைக்கும் வினையூக்கிமாற்றியைப் பற்றி அடுத்த இதழில் எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். ஆவலோடு காத்திருக்கிறேன். அதில் தேன்கூடு போன்ற பீங்கான் துளைகளின் சுவரில் அலுமினா பூசி, அதன்மேல் சில நானோமீட்டர் அளவில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் தூவப்பட்டிருக்கும். நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாக மாற்றுவதில் ரோடியத்துக்கு நிகரில்லை. ஆக்சிஜன் மிகும்போது வாங்கிவைத்து, குறையும்போது கொடுப்பது சீரியம் ஆக்சைடு. அந்தச் சீரியம் ஆக்சைடும் சூட்டில் பருத்துவிடாமல் இருக்கத்தான் சிர்கோனியாவை (சிர்கோனியம் ஆக்சைடு) சேர்க்கிறார்கள். கடுமையான ஓட்டத்தில் அங்கே வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆகவே புத்தம்புதிய மாற்றி எவ்வளவு திறமையானது என்பதோடு பொறியாளர்கள் நிற்பதில்லை. உயர்வெப்பத்தில் வைத்து வேண்டுமென்றே மூப்படையச் செய்து, அதன் பிறகு என்ன மிஞ்சுகிறது என்று சோதிக்கிறார்கள். இயலுமானால் புதிய மாற்றியின் மின்னணு நுண்ணோக்கிப் படத்தையும், பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடிக் களைத்த மாற்றியின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். முதல் படத்தில் தூசிபோலத் தெரியும் உலோகப் புள்ளிகள் இரண்டாவதில் எப்படித் திரண்டு தடித்திருக்கின்றன என்பதை வாசகர்கள் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
வேதியியல் ஆசிரியை ஒருவர்