ஹெலிகொப்டர் ஆடுற மச்சான்மாருக்கு ஒரு திறந்த மடல்

சனிக்கிழமையில ஹட்டன்ல டெய்லர் கடை மாடியில மேப்ப விரிச்சு வார்கேம் ஆடுற நம்ம செட்டுக்கு,

போன வாரம் நான்தான் சப்மரின். ஒங்க கப்பலுக்கு டோர்பிடோ விட்டேன், அடிச்சுச்சு, அந்த சந்தோசத்துல ஊத்துன பிளேன்டீய கூட குடிச்சு முடிக்கல, அடுத்த டர்ன்லயே ஹெலிகொப்டர தூக்கிட்டு வந்து நேரா என் கட்டத்துக்கு மேல வச்சு டைஸ உருட்டி, அஞ்சு விழுந்துச்சு செத்துட்டேன்னு சொல்லிட்டீங்க. தோத்ததுக்கு அழுவுறேன்னு நெனைக்காதீங்க (கொஞ்சம் அழுவுறேன்தான்), ஆனா நெசத்துல இந்த வேட்டை இப்பிடி நடக்காது.

சிறுத்தை வந்த ராத்திரிய யோசிங்க. லயத்துல நாய தூக்கிட்டு போயிருச்சு, நாம டோர்ச்சும் கம்புமா வெளிய வர்றதுக்குள்ள அது நாய் கத்துன எடத்துலயே நிக்குமா? கப்பல் அடிபட்ட எடமும் அதே கததான், அத டேட்டம்னு சொல்லுவாங்க, அங்கருந்து நிமிசத்துக்கு நிமிசம் வட்டம் பெருசாகும். நான் 12 நொட்ல, அதாவது மணிக்கு 12 கடல் மைல் வேகத்துல ஓடுறேன், ஹெலிகொப்டர் 20 நிமிசத்துல வருதுன்னு வைங்க, 4 கடல் மைல் தூரத்துக்குள்ள எங்கயும் இருப்பேன், அதாவது 50 சதுர கடல் மைல். 40 நிமிசமாச்சுன்னா 8 மைல், தேடுற எடம் 200 சதுர மைல். ஆனா அப்பிடி ஓடுனா டீசல் சப்மரினுக்கு பெட்டரி தீரும், சத்தமும் வெளிய கேக்கும். ஓடுறதா, மெதுவா நழுவுறதா, அந்த தலைவலிதானே எனக்கு கேம்? அதையே புடுங்கிட்டீங்களே.

அடுத்தது சோனார், தண்ணிக்குள்ள சத்தத்த வச்சு சப்மரின தேடுற கருவி. ஹெலிகொப்டர் கடலுக்கு மேல தாழ அப்பிடியே நின்னு, கேபிள்ல கட்டுன சோனார தண்ணிக்குள்ள எறக்கும். எறக்கி கேட்டு மறுபடி சுருட்டி எடுக்காம அடுத்த எடத்துக்கு நகர முடியாது, நிக்கிற நேரம் பூரா எண்ணெய் கரைஞ்சிக்கிட்டே இருக்கும். ஆனாலும் அந்த கேபிள்லதான் விசயமே இருக்கு. காசல்ரீ டேம்ல குதிச்சா மேல வெதுவெதுப்பா இருந்துட்டு கால்கிட்ட மட்டும் சில்லுன்னு இருக்குமே, கடல்லயும் அந்த மாதிரி அடுக்கு இருக்கு, சத்தம் அங்க வளைஞ்சு போயிரும், கப்பலோட அடிவயித்துல இருக்குற சோனாருக்கு, அடுக்குக்கு கீழ பதுங்குனவனோட சத்தம் சரியா கேக்காது. ஹெலிகொப்டர் சோனார அந்த அடுக்குக்கும் கீழ எறக்கிரும். அதனாலதான் சப்மரின்காரனுக்கு அது மேல அவ்வளவு பயம்.

அதுலயும் பிங் அடிச்சு, அதாவது சோனார்லருந்து சத்தம் விட்டு எதிரொலிய கேட்டு தேடுறது, டோர்ச் அடிக்கிற மாதிரி. வெளிச்சம் சிறுத்தைக்கு எவ்வளவோ தூரத்துல தெரிஞ்சிரும், அது கண்ணு மின்னுறது நமக்கு கிட்ட போனாத்தான். பிங்கும் அப்பிடித்தான், நீங்க எதிரொலிய கேக்க முந்தியே நான் ஒங்க பிங்க கேட்டு திரும்பிருவேன். அதான் முடிஞ்சா ரெண்டு ஹெலிகொப்டரா போவாங்க, ஒண்ணு எறக்கி புடிச்சு வச்சிருக்கும், மத்தது வந்து டோர்பிடோ போடும்.

1982ல பிரிட்டனும் அர்ஜென்டினாவும் போட்ட ஃபோக்லாண்ட்ஸ் சண்டையில சப்மரின் மாட்டுனதையும் தப்பிச்சதையும் பாக்கலாம். அர்ஜென்டினாவோட சாண்டா ஃபேங்கிற சப்மரின் தண்ணிக்கு மேல வந்து மாட்டுச்சு, ஏப்ரல் 25ஆம் திகதி பிரிட்டிஷ் வெசெக்ஸ் ஹெலிகொப்டர் ராடார்லயே புடிச்சு டெப்த் சார்ஜ், அதாவது தண்ணிக்குள்ள வெடிக்கிற குண்டு போட்டுச்சு. அவங்களோட இன்னொரு சப்மரின் சான் லூயிஸ் தண்ணிக்குள்ளயே கெடந்துச்சு, பிரிட்டிஷ்காரங்க அத தேடி பொய்யான சத்தத்துக்கெல்லாம், திமிங்கலத்துக்கும் சேத்து, டோர்பிடோவா போட்டு தீத்தாங்க. அது பத்திரமா வீடு போய் சேந்துச்சு. நம்ம மேப்புல ஒரு திமிங்கலம் கூட இல்லையே மச்சான்.

1942ல லிவர்பூல்ல கில்பர்ட் ரொபர்ட்ஸ்னு ஒரு கேப்டன், ரென்ஸ்னு சொல்ற கடற்படை பொம்பளப் புள்ளைகள வச்சுக்கிட்டு தரையிலயே சோக்கால கோடு போட்டு நேவி ஆபிசர்மாருக்கு கப்பல் சப்மரின தேடுற வேட்டைய ஆடிக் காட்டுனாரு. ஆடுறவங்கள திரைக்கு பின்னால நிக்க வச்சு சின்ன ஓட்டையால மட்டும் பாக்க விட்டாங்க. சப்மரின் போற கோட்ட பச்சை சோக்கால போட்டாங்க, அங்கருந்து பாத்தா அது தெரியாது.

நான் கேக்குறது அவ்வளவுதான். சப்மரின மேப்புல வைக்காதீங்க, நடுவர் கொப்பியில மட்டும் இருக்கட்டும். ஹெலிகொப்டருக்கு எண்ணெய் கணக்கு வைங்க, பிங் அடிச்சா எந்தப் பக்கம்னு எனக்கு சொல்லுங்க, நடுவர் இஷ்டத்துக்கு ரெண்டு மூணு திமிங்கலத்தையும் விடட்டும்.

பச்சை சோக் நான் வாங்கிட்டு வர்றேன். திரைக்கு யாராவது பழைய பெட்சீட் ஒண்ணு கொண்டு வாங்க. வர்ற சனியும் நான்தான் சப்மரின், அத இப்பவே சொல்லிட்டேன்.

இப்படிக்கு,
போன வாரம் செத்தவன்