நான் வாங்கிய நூறு டாலர் மனை

டெட்ராய்ட்
மே 2018

மாப்ளே,

மூன்று கடிதத்துக்கு நான் பாக்கி. திட்டுவதை ஃபோனில் வைத்துக்கொள். அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாமே, நான் விசாரித்ததாகச் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். ஐயா இப்போது நிலச்சுவான்தார்! பக்கத்து மனையை, கைவிடப்பட்ட மனைகளை எடுத்து விற்கும் நகரத்தின் நில வங்கியிடமிருந்து 100 டாலருக்கு வாங்கிவிட்டேன். பட்டா மாற்ற நீ அலைந்ததை நினைத்து வயிறு எரியட்டும்.

அந்த மனையில் இருந்த வீடு உனக்கு நினைவிருக்கும். 2006இல் நீ வந்தபோது சர்க்கரைவள்ளிக் கிழங்கில் செய்த ‘பை’ என்ற இனிப்பு கொடுத்தாரே, அந்தப் பாட்டி வீடு. போளிக்கு ஈடாகாது என்று தமிழில் முனகிக்கொண்டே மூன்று துண்டு தின்றாய். முதல் இரண்டு வருடம் வட்டி கம்மி, அப்புறம் எகிறும் ரகக் கடன் அவருடையது. 2009 குளிரில் வீடு கைவிட்டுப் போனது. மகளோடு அட்லாண்டா போய்விட்டார். அடுத்த மாதமே செப்புக் குழாய்களை எவனோ உருவிக்கொண்டு போனான்.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. ஜப்தி வீடுகளால் நொடித்த பேட்டைகளுக்கு 2008இலேயே 392 கோடி டாலர். அதில் டெட்ராய்ட்டுக்கு மட்டும் சுமார் 4.7 கோடி. காலி வீட்டை வாங்கிப் பழுது பார்த்து விற்பது அதில் ஒரு முக்கிய வழி, எதற்குச் செலவு என்பதைப் பதினெட்டு மாதத்துக்குள் முடிவு செய்துவிட வேண்டும். எங்கள் தெருவிலோ கூரையை மாற்றும் காசுக்குக்கூட வீடு விலை போகாது. யார் வாங்குவது? 2010இல் இன்னொரு நிதி வந்தது, வீட்டை இழக்கவிருப்பவர்களைக் காப்பாற்ற. 2013இல் அதை எடுத்தே காலி வீடுகளை இடிக்கலாம் என்று எங்கள் மிச்சிகன் மாநிலத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். இந்த ஊருக்குச் சுமார் 25 கோடி டாலர்! ஆளைக் காப்பாற்ற வந்த பணம் புல்டோசருக்கு டீசல் போட்டது.

போன அக்டோபரில் பாட்டி வீடு அரை நாளில் தரைமட்டம். உன்னிடம் மறைப்பானேன், அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். எவனாவது தீ வைத்தால் என் வீடும் சேர்ந்து போகுமே என்று எத்தனை வருடப் பயம்!

பனி போனதும் பார்க்கிறேன், எந்திரம் எட்டாத ஓரத்தில் மஞ்சள் மஞ்சளாக டாஃபோடில் பூ வரிசை. பாட்டி நட்டது. வாசற்படி இருந்த இடத்தில் மட்டும் இடைவெளி.

அவரைக்குப் பாத்தி அதைவிட்டுத் தள்ளித்தான் எடுக்கிறேன். அவர் மகள் நம்பர் இருக்கிறது. படம் எடுத்து அனுப்பட்டுமா, வேண்டாமா? யோசித்து எழுது.

உன்
மொட்டை