மூன்று கோலை வைத்து எதிர்காலம் சொல்லலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கால்பந்து பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2019 டிசம்பரில் சான் ஹோசேயில் நடந்த தேசிய அரையிறுதியில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக அணி யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணியை 4-1 என்று வீழ்த்தியதையும், சோஃபியா ஸ்மித் அதில் ஹாட்ரிக் அடித்ததையும் ரசித்து எழுதியிருந்தார் கட்டுரையாளர். கிரிக்கெட்டைத் தாண்டி இப்படி ஒன்றுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்த மூன்று கோல்தான் ஸ்மித்தின் வாழ்க்கையைத் தீர்மானித்தது என்று அவர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அன்று நானும் மைதானத்தில் இருந்தேன். ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு நடக்கும்போது சுற்றிலும் இதே பேச்சுதான். 'இனி இந்தப் பெண்ணுக்குக் கல்லூரியில் என்ன வேலை, உடனே தொழில்முறை ஆட்டத்துக்குப் போகட்டும்' என்று ஒரு கட்சி. 'ஸ்டான்ஃபோர்ட் பட்டத்தை யாராவது பாதியில் விடுவார்களா' என்று இன்னொரு கட்சி. நம் ஊர்க்காரர்கள் எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டியதில்லை! இரண்டு கட்சிக்கும் பொதுவான ஒன்று உண்டு. இரண்டுமே ஒரு மாலை நேர ஆட்டத்தை மட்டும் வைத்துப் பேசின. ஸ்மித்தோ பதினாறு வயதிலேயே தேசிய சீனியர் அணியின் பயிற்சி முகாமுக்கு அழைக்கப்பட்டவர். அந்த ஹாட்ரிக் இல்லாவிட்டாலும் அவர் அடுத்த மாதம் தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருப்பார் என்றே நினைக்கிறேன்.

கோல் எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் அந்த அணியில் முதலில் பேசப்பட வேண்டியவர் காத்தரினா மக்காரியோ. அந்த சீசனில் அவர் அடித்தது 32 கோல். ஸ்மித் அடித்தது 17. கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய விருதான ஹெர்மன் டிராஃபியை 2018, 2019 என்று அடுத்தடுத்து வாங்கியவரும் மக்காரியோதான். ஆனாலும் முதலில் கிளம்பியது ஸ்மித். 2020 ஜனவரியில், தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், போர்ட்லேண்ட் தார்ன்ஸ் அணி அவரை முதல் ஆளாக எடுத்தது. 2022இல் அமெரிக்கத் தொழில்முறைப் பெண்கள் லீகின் சிறந்த வீராங்கனை விருது வாங்கினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் அடித்த ஒரே கோலும் அவருடையது. இப்போது சோஃபியா வில்சன் என்ற பெயரில் ஆடுகிறார்.

மக்காரியோ ஒரு வருடம் கழித்து பிரான்சின் லியோன் அணிக்குப் போனார். 2022 மே 21 அன்று பார்சிலோனாவுக்கு எதிரான ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் கோல் அடித்துக் கோப்பையைத் தூக்கினார். பதினோரே நாளில் முழங்கால் தசைநார் கிழிந்தது. 2023 உலகக் கோப்பை போயிற்று. திரும்பி வந்து இங்கிலாந்தின் செல்சி அணியில் ஆடத் தொடங்கியவருக்கு முழங்கால் தொந்தரவால் 2024 ஒலிம்பிக்கும் கைநழுவியது. சான் ஹோசேயில் இவரைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களில் யாருக்கு இது தெரிந்திருக்கும்?

தோற்ற அணியைக் கட்டுரை கண்டுகொள்ளவே இல்லை. அன்றைய யுசிஎல்ஏ அணியில் ஜெஸ்ஸி ஃபிளெமிங் என்ற கனடாக்காரர் இருந்தார், நடுக்கள ஆட்டக்காரர். அன்று திரும்பி வரும் வழியில் அவர் பெயரை ஒருவர் சொல்லி நான் கேட்கவில்லை. இரண்டு வருடம்கூட ஆகவில்லை, டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் அமெரிக்காவை 1-0 என்று வெளியேற்றிய பெனால்டியை அடித்தது அவர்தான். இறுதிப் போட்டியில் ஸ்வீடனுக்கு எதிராகக் கனடாவைச் சமநிலைக்குக் கொண்டு வந்த பெனால்டியும் அவருடையதே. தங்கம் கனடாவுக்கு.

அந்தக் கல்லூரி இறுதிப் போட்டியையும் ஒரே வரியில் தாண்டிவிட்டார் கட்டுரையாளர். இரண்டு நாள் முன்பு மூன்று கோல் அடித்தவரும் சீசனில் 32 அடித்தவரும் ஒரே அணியில் இருந்தும், வட கரோலினாவுக்கு எதிராகக் கூடுதல் நேரம் முடியும்வரை 0-0. பெனால்டியில் 5-4 என்று ஸ்டான்ஃபோர்ட் ஜெயித்தது. அதற்குக் காரணம் கோல்கீப்பர் கேட்டி மேயர். இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார். அந்தப் பெண் 2022 மார்ச்சில், கடைசி வருட மாணவியாக, அணியின் கேப்டனாக இருந்தபோது, 22 வயதில் இறந்துபோனார். அந்த வெற்றியைப் பற்றி எழுதும் எவரும் அவர் பெயரை விடக் கூடாது என்பது என் எண்ணம்.

சரி, கோலை வைத்துச் சொல்லக் கூடாது என்றால் எதை வைத்துச் சொல்வது? கல்லூரி ஆட்டத்தின் விதிகள் கொஞ்சம் வேறு. கடிகாரம் 45 நிமிடத்திலிருந்து பூஜ்யத்தை நோக்கி ஓடும் என்பது வெறும் வேடிக்கை. முக்கியமானது ஆள் மாற்றும் விதி. முதல் பாதியில் வெளியே எடுக்கப்பட்டவர் இரண்டாம் பாதியில் திரும்ப வரலாம். இரண்டாம் பாதியில் வெளியே போனாலும் ஒரு முறை மறுபடி உள்ளே வரலாம். தொழில்முறை ஆட்டத்தில் வெளியே போனால் போனதுதான். ஆகவே கல்லூரியில் ஒரு பயிற்சியாளர் தன் நல்ல முன்கள ஆட்டக்காரரைக் கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்காரவைத்து, தண்ணீர் குடிக்கவைத்து, கடைசி இருபது நிமிடத்துக்குப் புதுத் தெம்போடு இறக்கலாம். எதிரே நிற்கும் தடுப்பாட்டக்காரர் முழு நேரமும் ஓடிக் களைத்திருப்பார். அங்கே விழும் கோலைப் பார்த்து 'என்ன வேகம்!' என்று நாம் வாய் பிளப்போம். அதே பெண் 90 நிமிடமும் களத்தில் நின்று 85ஆவது நிமிடத்தில் அதே ஓட்டத்தை ஓடுவாரா என்பதுதான் கேள்வி. சீசனும் ஆகஸ்டில் தொடங்கி டிசம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும். வாரத்துக்கு இரண்டு ஆட்டம்கூட இருக்கும். அந்த நெரிசலில் யாரும் எப்போதும் முழுத் தெம்போடு இருப்பதில்லை.

ஸ்மித்திடம் என்னைக் கவர்ந்தது கோலுக்கு முந்தைய கணம்தான். பந்தை வாங்கும் முதல் தொடுதலிலேயே தடுப்பாளரின் எட்டிய காலுக்கு அப்பால் அதைத் தள்ளிவிடுவார். பிறகு ஓட்டம்தான் பாக்கி. பந்தை இழந்த மறு நொடி திரும்பி ஓடுவதையும் பார்த்தேன். இவை ஸ்கோர் அட்டையில் வராது.

ஒரே ஓர் ஆட்டத்தை வைத்துப் புகழ்வது எப்படித் தவறோ, ஒரே ஒரு பிழையை வைத்துக் கழித்துக்கட்டுவதும் அப்படியே. ஆண்கள் ஆட்டத்தில் மேட் டர்னரைப் பாருங்கள். ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகக் கோல்கீப்பராக இருந்தபோது, 2013இல், கிராஸ்பாரில் பட்டு மேலே எழும்பி வந்த பந்தைப் பிடிக்கப் போய்த் தன் வலைக்குள்ளேயே விட்டார். தொலைக்காட்சியில் போட்டுப் போட்டுச் சிரித்தார்கள். டிராஃப்டில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. 2022 உலகக் கோப்பையில் அமெரிக்கா ஆடிய நான்கு ஆட்டங்களிலும் கோலைக் காத்தவர் அவரே.

அப்புறம், படிப்பு விஷயம். 'பட்டம் முடிக்கட்டும்' என்ற கட்சியைக் கட்டுரையாளர் கொஞ்சம் கிண்டல் செய்திருக்கிறார். அது நியாயமில்லை. ஸ்மித் கிளம்பிய 2020இல் அந்தப் பெண்கள் லீகின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 20,000 டாலர். ஸ்டான்ஃபோர்டில் ஒரு வருடப் படிப்புச் செலவு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஸ்காலர்ஷிப்பில் படிக்கும் ஒருத்தி அதை விட்டுவிட்டு இதற்குப் போவதா என்று பெற்றோர் யோசித்தால் அவர்களைப் பழமைவாதிகள் என்று சொல்லிவிட முடியாது. ஸ்மித் அளவுக்குத் தேசிய அணி வாய்ப்பு எல்லோருக்குமா இருக்கிறது? இன்னொரு பக்கம், டிரினிட்டி ராட்மன் வாஷிங்டன் ஸ்டேட்டில் சேர்ந்தும் கொரோனாவால் கல்லூரி ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. 18 வயதில், 2021 டிராஃப்டில் இரண்டாவது ஆளாகப் போய், அதே வருடம் சிறந்த புதுமுகம் ஆனார். விதிவிலக்கு என்று ஒதுக்குவீர்களோ வழிகாட்டி என்று வைப்பீர்களோ, அது அவரவர் பெண்ணைப் பொறுத்தது.

ஒரு திருத்தமும் உண்டு. இந்த ஆண்டுக் கல்லூரி நட்சத்திரங்கள் டிராஃப்டில் எத்தனையாவது இடத்தில் போவார்கள் என்று கட்டுரையின் கடைசிப் பத்தி கணிக்கிறது. பெண்கள் லீகில் இப்போது டிராஃப்டே கிடையாது. 2024 ஜனவரியில் நடந்ததுதான் கடைசி. அந்த ஆகஸ்டில் வீராங்கனைகள் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் அதை ஒழித்துவிட்டார்கள். இனி எந்த ஊர், எந்த அணி என்பதை அந்தப் பெண்ணே பேசி முடிவு செய்யலாம். எனவே எத்தனையாவது இடம் என்ற கேள்விக்கே இனி வேலையில்லை. அந்த அணியில் ஏற்கெனவே எத்தனை முன்கள ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், இவருக்கு ஆட நிமிடம் கிடைக்குமா என்று கேட்பதே உருப்படியான கேள்வி.

அடுத்த டிசம்பரிலும் கல்லூரி இறுதிச் சுற்று பற்றி எழுதுவீர்கள் என்று நம்புகிறேன். அப்போது கோல் அடித்தவர் பெயருக்குப் பக்கத்தில் அவர் களத்தில் இருந்த நிமிடங்களையும் தயவுசெய்து போடுங்கள். தோற்ற அணியின் நடுக்களத்துக்கு ஒரு பத்தி கொடுத்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சன்னிவேல், கலிஃபோர்னியா