தகடு விற்கும் அம்மாவுக்கும், நாகூரில் அன்றிரவு எங்களோடு தேடியவர்களுக்கும்

கூட்டத்தில் தொலைந்துபோன எங்கள் வாப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். பக்கத்து அறையில் குறட்டை விடுகிறார். இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டேன்.

தர்கா கந்தூரி விழாவின் சந்தனக்கூடு இரவில் அவர் படத்தைப் பகிர்ந்தவர்கள், ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பப் பேர் சொன்னவர்கள், ரயிலடிவரை போய்ப் பார்த்த ஆட்டோ தம்பிகள், சில்லடிக் கரையில் டார்ச் அடித்துத் தேடிய பையன்கள், கால் கடுக்க நின்ற காவலர்கள் எல்லாருக்கும் ஜஸாக்குமுல்லாஹு கைரா. பாதிப் பேரிடம் பேர் கேட்கக்கூட எனக்கு நிதானமில்லை.

தகடு விற்கும் அம்மா, உங்களுக்குத் தனியாக எழுத வேண்டும்.

எங்கே நின்றாலும் தர்காவின் பெரிய மனாரா தெரியுமே, தஞ்சாவூர் பிரதாப் சிங் ராஜா கட்டிக்கொடுத்த 131 அடி, அதைப் பார்த்து வந்துவிடுவார் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்திருக்கிறார். வந்த வினையே அதுதான். நம் கரையிலிருந்து கப்பலேறிய சனங்கள் போன இடத்திலும் நாகூர் ஷாகுல் ஹமீது எஜமான் பேரில் தர்கா கட்டினார்கள். சிங்கப்பூரில் 1830லேயே எழும்பிவிட்டது. பினாங்கு சூலியா தெருவிலும் ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் இருபது வருடம் கடை வைத்திருந்தவர் வாப்பா. மனாராவைப் பார்த்ததும் நினைவு தடுமாறி, அன்றிரவு மனசளவில் அவர் பினாங்கில்தான் இருந்தார். கடை திறக்க நேரமாச்சு என்று பதறிக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நின்றிருக்கிறார்.

வேறு யாராயிருந்தாலும் எந்த ஊர், பிள்ளைகள் எங்கே என்று துளைத்திருப்பார்கள். நானே தினமும் அதைத்தானே செய்கிறேன். நீங்கள், "வாங்க பாய், சரக்கெல்லாம் கலைஞ்சு கெடக்கு, பிரிச்சு வைங்க" என்று தாம்பாளத்தை அவர் பக்கம் நகர்த்தினீர்களாம். நேர்ச்சைக்கு வாங்குகிற அந்த மெல்லிய தகடுகள். கண், கால், தொட்டில், வீடு, படகு.

பூக்கடைப் பையன் வந்து சொல்லி நான் ஓடி வந்தபோது பஜ்ரு, விடிகாலைத் தொழுகைக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தார். படகு மட்டும் ஐந்து அடுக்கு. என்னை நிமிர்ந்து பார்த்து, "டீ வாங்கிட்டு வா, அந்தம்மா ராத்திரி பூரா ஒண்ணும் சாப்பிடலே" என்றார். எங்கே போனீர்கள் என்று கத்தத் திறந்த வாயை மூடிக்கொண்டு டீ வாங்கப் போனேன்.

விழுந்துவிடுவார், தொலைத்துவிடுவார் என்று அவர் கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கியவர்கள் நாங்கள்தான். நேற்று ராத்தா ஒரு படி பயறைக் கொடுத்துக் கல் பொறுக்கச் சொன்னாள். "இதுக்குக் கடைப் பையன் இல்லையா" என்று திட்டினார். திட்டிக்கொண்டே பொறுக்கினார்.

காசு நீட்டியபோது என் கையைத் தட்டிவிட்டீர்கள். இங்கே வந்து சட்டையைத் துவைக்க எடுத்தால் பையில் ஒரு படகுத் தகடு. மாதிரிக்கு எடுத்தாராம், பினாங்கில் ஆர்டர் கொடுக்க. அடுத்த கந்தூரிக்குக் கொடியேற்றத்தன்றே அதைக் கொண்டுவருகிறோம், அம்மா. அதுவரை உங்கள் கணக்கில் ஒரு படகு குறையும்.