வாங்கிய கடனை எதில் திருப்புவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரமாக உங்கள் கடிதப் பகுதியில் பிட்காயின் என்ற இணையக் காசு பற்றி வாசகர்கள் மாறி மாறி எழுதுவதைப் படித்து வருகிறேன். ஒருவர் அது சூதாட்டம், அடியோடு தடை செய்யுங்கள் என்கிறார். இன்னொருவர் மத்திய அமெரிக்காவின் எல் சால்வடார் நாட்டை உதாரணம் காட்டி, நாளைய பணம் அதுதான், இப்போதே பழகிக்கொள்ளுங்கள் என்கிறார். இரண்டு பேருமே விலை ஏறியது, இறங்கியது என்றுதான் பேசுகிறார்கள். நான் அதைச் செய்த வேலைக்குப் பணமாகவே வாங்கியவன். அதனால் எனக்கு வந்த சிக்கல் வேறு மாதிரி. அதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமானாலும் போடுங்கள்.

எங்களுக்கு நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறை. தாத்தா காலத்திலிருந்து இதே தொழில். காவிரிப் படுகை வண்டல் மண்ணில் அச்செடுத்து, பித்தளையை உருக்கி ஊற்றி, கடைசல் பிடித்து, அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாகச் செய்து மரை போட்டுத் திருகிச் சேர்ப்போம். வாங்குகிறவர் எத்தனை அடி உயரம் என்று கேட்பார். நாங்கள் விலை சொல்வது எடைக்கு.

2025 ஜனவரி கடைசியில் பாரீஸில் இருக்கும் ஒரு காரைக்கால்காரத் தம்பி, தங்கை கல்யாணத்துக்கு ஐந்தடி விளக்கு ஒரு ஜோடி கேட்டார். அவருடைய அம்மா காரைக்காலிலிருந்து பஸ்ஸில் வந்து, பட்டறையில் உட்கார்ந்து, அன்னத்தின் மூக்கு இன்னும் கொஞ்சம் வளைய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜோடி 76 கிலோ வரும். கூலி, பாலிஷ் எல்லாம் சேர்த்து 88,000 ரூபாய் பேசினோம். பாதி முன்பணம். "அண்ணே, பேங்க்ல போட்டா அஞ்சு நாள் ஆகும், நடுவுல பிடித்தம் வேற. பிட்காயின்ல அனுப்பட்டுமா?" என்று கேட்டார். அவர் சொன்னது உண்மை. அதற்கு முந்தின வருஷம் வெளிநாட்டு வங்கியிலிருந்து வந்த 18,000 ரூபாயில் கிட்டத்தட்ட 1,900 ரூபாய் வழியிலேயே போயிருந்தது.

என் மகன் தஞ்சாவூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். அவன்தான் என் பான் கார்டு, ஆதார் எல்லாம் கொடுத்து பிட்காயினை வாங்கி விற்கும் ஓர் எக்ஸ்சேஞ்சில் கணக்குத் திறந்து கொடுத்தான். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. வங்கி எதுவும் திறந்திருக்கவில்லை. பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து அவனுடைய போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் "மூன்றில் பூஜ்யம்" என்று காட்டியது. அப்புறம் ஒன்று. என்னடா இது என்றால், உலகம் முழுக்க இருக்கிற கணினிகள் ஏறக்குறைய பத்து நிமிஷத்துக்கு ஒரு பக்கம் கணக்கு எழுதி ஒட்டுகின்றன, நம்முடைய வரவு ஒரு பக்கத்தில் ஏறிவிட்டது, மேலே இன்னும் இரண்டு பக்கம் ஒட்டினால் உறுதி என்றான். இரண்டு வந்தது. மூன்று வருவதற்குள் கொசுவத்தி பாதி எரிந்திருந்தது. வந்தது 0.0005 பிட்காயின். ஒரு பிட்காயினைப் பத்துக் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குக்கு சடோஷி என்று பெயர். 2008 அக்டோபர் 31-ல் இந்தத் திட்டத்தை எழுதி வெளியிட்டவர் வைத்துக்கொண்ட பெயர் சடோஷி நகமோட்டோ. அவர் யார் என்று இன்றுவரை வெளியே வரவில்லை. அந்தக் கணக்கில் எனக்கு வந்தது 50,000 சடோஷி. அன்றைய விலைக்கு 44,000 ரூபாய், சரியாக.

உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த ராத்திரி எனக்குப் பெருமையாக இருந்தது. யார் தயவும் இல்லாமல் பாரீஸிலிருந்து நாச்சியார்கோவிலுக்குப் பணம் வந்துவிட்டது. 2016 நவம்பர் 8 ராத்திரி டிவியில் அறிவிப்பு வந்தபோது, மறுநாள் கூலி கொடுக்க வைத்திருந்த ஐநூறு ரூபாய்க் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதே திண்ணையில் உட்கார்ந்திருந்தவன் நான். எந்த அரசும் ஒரே ராத்திரியில் செல்லாது என்று சொல்ல முடியாத பணம், மொத்தமே 2 கோடியே 10 லட்சம் காசுகளுக்கு மேல் எவராலும் அடிக்க முடியாத பணம் என்று மகன் சொன்னபோது அது எனக்கு உடனே பிடித்துப் போனது. அதில் ஆசைப்படுகிற இளைஞர்களைச் சூதாடிகள் என்று திட்டுவது சரியில்லை.

அப்புறம்தான் தப்பு செய்தேன். உடனே விற்று ரூபாயாக்கியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று வைத்துவிட்டேன். பிப்ரவரியில் இறங்கியது. திரும்ப ஏறும் என்று காத்திருந்தேன். பித்தளையைக் கும்பகோணத்தில் கடனுக்கு வாங்கி வேலையை முடித்தோம். ஏப்ரல் முதல் வாரத்தில் உலோகக் கடைக்காரர் ஆள் அனுப்பிவிட்டார். அன்றைக்கு விற்றேன். 34,000-ஐ ஒட்டித்தான் கிடைத்தது. அதிலும் நூற்றுக்கு ஒரு ரூபாய் வரிப் பிடித்தம். பத்தாயிரம் ரூபாய் போனது என் பேராசையால். அதற்கு வேறு யாரையும் குறை சொல்லவில்லை.

விளக்கு கப்பலுக்குப் போனது. அதே மாதம் வருஷக் கணக்கு முடிக்க ஆடிட்டரிடம் போனேன். அவர் என் நோட்டில் அந்த 44,000 வரவைப் பார்த்துப் பேனாவை வைத்துவிட்டார். ஏற்றுமதிப் பணம் வங்கி வழியாக வர வேண்டும், வங்கி தரும் வரவுச் சான்று இல்லாமல் இந்தக் கணக்கை முடிக்க முடியாது, முழுத் தொகையையும் வங்கியில் போடச் சொல்லுங்கள், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார். தம்பியிடம் சொன்னேன். தங்கமான பிள்ளை, ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் 88,000-ஐயும் வங்கியில் அனுப்பிவிட்டார். கல்யாணமும் வைகாசியில் நல்லபடி நடந்தது. மேடைக்கு இரண்டு பக்கமும் எங்கள் விளக்கு எரிகிற போட்டோ வந்தது.

இப்போது நான் அவருக்குத் திருப்பித் தர வேண்டும். எவ்வளவு?

நான் விற்ற விலை 34,000. "அதையே அம்மா கையில குடுத்துடுங்கண்ணே, போதும்" என்றார். அவர் அனுப்பிய அன்றைய மதிப்பு 44,000, அதுதான் நியாயம் என்றார் என் மனைவி. மகன் சொன்னது மூன்றாவது: "அவங்க அனுப்புனது ரூபா இல்லப்பா, 50,000 சடோஷி. அதைத்தானே குடுக்கணும்?" இப்படியே பேசிக்கொண்டிருந்ததில் ஜூலை வந்துவிட்டது. 50,000 சடோஷியின் விலை 50,000 ரூபாயைத் தாண்டி நின்றது. என்னிடம் கையில் இருந்ததோ அந்த 34,000-ல் உலோகக் கடனைக் கட்டியது போக மிச்சம்.

நான் என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். தொழில் மந்தமான மாதங்களில் தெரிந்த மிராசுதார் வீட்டில் அப்பா நெல் வாங்குவார். இரண்டு கலம் வாங்கினால் அறுவடைக்கு அப்புறம் இரண்டு கலம், மேலே ஒரு மரக்கால். நடுவில் நெல் விலை ஏறியதா இறங்கியதா என்று கொடுத்தவரும் பேச மாட்டார், வாங்கியவரும் பேச மாட்டார். பணமாக வாங்கியிருந்தால் பணம். எங்கள் பட்டறையிலும் இதே வழக்கம்தான். பழைய பித்தளையை ஒருவர் கொண்டுவந்து போட்டுப் புது விளக்கு கேட்டால், தராசில் ஏற்றி எடையை அவர் கண் முன்னால் நோட்டில் எழுதுவோம். ரூபாயை எழுத மாட்டோம். மூன்று மாதம் கழித்துப் பித்தளை விலை எங்கே போயிருந்தாலும் அந்த எடைதான் கணக்கு, சேதாரமும் கூலியும் மட்டும் தனி. வாங்கிய அளவையிலேயே திருப்பு என்பதுதான் இந்தப் பக்கத்து ஒழுங்கு. அதனால் ஜூலை மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் போட்டு 50,000 சடோஷி வாங்கித் தம்பிக்கே அனுப்பினேன். நான் விற்றதற்கும் வாங்கியதற்கும் வித்தியாசம் 16,000-க்கு மேல். ஜோடி விளக்கில் எனக்கு நின்ற லாபத்தைவிட அது அதிகம். ஆனாலும் அனுப்பிய பிறகுதான் தூக்கம் வந்தது.

இதை நான் செய்தேன், சரி. ஆனால் நான் 34,000-தான் தருவேன் என்று நின்றிருந்தால் தம்பி எங்கே போய்க் கேட்பார்? எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? தடை செய் என்பவரும் வாழ்க என்பவரும் இதைத் தொடவே இல்லை. கடன் எதில் கணக்கிடப்படுகிறதோ அதுதான் பணம். ரூபாயில் வாங்கினேன் என்றால் ரூபாயில் தீரும், அதற்கு நீதிமன்றம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. பிட்காயினில் வாங்கியதை எதில் தீர்ப்பது என்பதற்கு நம் நாட்டுச் சட்டத்தில் ஒரு வாக்கியம்கூடக் கிடையாது.

ஆனால் வரி உண்டு. 2018-ல் ரிசர்வ் வங்கி, பிட்காயின் போன்ற கிரிப்டோ காசுத் தொழிலுக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 ஏப்ரலிலிருந்து லாபத்தில் நூற்றுக்கு 30 வரி, அந்த ஜூலையிலிருந்து விற்பனையில் ஒரு சதவீதப் பிடித்தம். நஷ்டம் வந்தால் அதை வேறு எந்த வருமானத்திலும் கழிக்க முடியாது. இன்னொரு காசில் வந்த கிரிப்டோ லாபத்தில்கூடக் கழிக்க முடியாது. பித்தளை விலை இறங்கி எனக்கு நஷ்டம் வந்தால் தொழில் கணக்கில் கழிக்க விடுகிறவர்கள், இதில் மட்டும் லாபத்துக்குப் பங்கு கேட்டு நஷ்டத்துக்குக் கையை விரிப்பது எனக்கு அநியாயமாகவே படுகிறது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ காசு சட்டப்படி ஒரு சொத்து, ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கக் கூடியது என்று சொன்ன செய்தியை உங்கள் நாளிதழ் போன்றவற்றில் படித்து நான் நிம்மதிப்பட்டேன். சொத்து என்றால் பொருளைப் பொருளாகத்தானே திருப்ப வேண்டும்? நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னதை நாடாளுமன்றம் எல்லோருக்குமாக எழுதி வைக்க வேண்டும்.

எல் சால்வடார் நாட்டை உதாரணம் காட்டிய வாசகருக்கு ஒன்று. 2021 செப்டம்பரில் அங்கே பிட்காயினைச் சட்டப்படியான பணமாக்கி, கடைக்காரர்கள் வாங்கியே ஆக வேண்டும் என்றார்கள். 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி, இஷ்டப்பட்டால் வாங்கலாம் என்று மாற்றிவிட்டார்கள். காய்கறிக் கடைக்காரர் காலையில் வாங்கிய காசில் மாலையில் கத்திரிக்காய் வாங்க முடிய வேண்டும். அதைக் கட்டாயப்படுத்தி வரவழைக்க முடியாது.

தடை கேட்கிற வாசகரின் கோபமும் எனக்குப் புரிகிறது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஓர் அம்மா, கொள்முதல் நிலையத்தில் சம்பா நெல் போட்டு வந்த பணத்தில் ஒன்றரை லட்சத்தை டீக்கடையில் பழக்கமான ஓர் ஆளிடம் கொடுத்தார். பிட்காயினில் போடுவதாகவும் மாதம் பத்து வட்டி வரும் என்றும் சொன்னான். போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். தினமும் அதில் டாலர் எண் ஏறும், அந்த அம்மா ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுப் படுப்பார். ஒருநாள் ஆப் திறக்கவில்லை. ஆளும் இல்லை. அந்த ஆப்பில் பிட்காயின் என்று ஒரு சடோஷிகூட இருந்திருக்காது. பிட்காயினுக்கு ஏஜென்ட் கிடையாது, கிளை கிடையாது, மாத வட்டி கிடையாது. வட்டி தருகிறேன் என்று எவனாவது வந்தால் அவன் விற்பது வேறு. ஏமாந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவிக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். நாள் போகப் போகப் பணத்தைப் பிடிப்பது கஷ்டம். அந்த அம்மாவுக்கு அந்த எண் தெரிந்தது நாற்பது நாள் கழித்து. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் என்று எழுதிப் போடுகிற பலகைக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதிப் போடலாம். அறுவடைப் பணம் கைக்கு வருகிற இடம் அதுதான்.

உள்ளூரில் எனக்குப் பிட்காயின் தேவையில்லை. யூபிஐ இருக்கிறது, கரி வாங்குவதிலிருந்து டீ வரை அதில்தான் போகிறது. எனக்குக் கஷ்டம் கடல் தாண்டி வரும் சிறு தொகையில்தான். 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ் முறையோடு யூபிஐயை இணைத்தார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து நம் ஊர்ச் சுற்றுலாப் பயணி ஈஃபிள் கோபுரத்தில் யூபிஐயில் டிக்கெட் எடுக்கலாம். அந்த கோபுரம் இருக்கும் ஊரில் வேலை பார்க்கும் காரைக்கால் பிள்ளை தன் பிரெஞ்சு வங்கிக் கணக்கிலிருந்து எனக்கு அதே சுலபத்தில் 44,000 ரூபாய் அனுப்ப ஒரு வழி செய்துகொடுங்கள், நாங்கள் ஏன் வேறு வழி தேடப் போகிறோம்? அது முடியாதென்றால், கைவினைஞர்கள் ஒரு குறிப்பிட்ட தொகை வரை பிட்காயினில் வாங்கலாம், வாங்கிய அன்றே பதிவான எக்ஸ்சேஞ்சில் ரூபாயாக்கினால் அந்த ரசீதையே ஏற்றுமதி வரவுச் சான்றாக ஏற்போம் என்று ஒரு விதி போடுங்கள். வரியை ஒழுங்காகக் கட்டுகிறோம்.

போன வாரம் மொரீஷியஸிலிருந்து ஒருவர் கோவிலுக்கு நான்கு விளக்கு கேட்டு, பிட்காயின் வாங்குவீர்களா என்று எழுதியிருக்கிறார். இப்போதைக்கு வங்கியிலேயே அனுப்புங்கள், வழியில் போகும் பிடித்தத்தில் பாதியை விலையில் குறைத்துக்கொள்கிறேன் என்று மகனை விட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். அவரிடமிருந்து இன்னும் மறுமொழி வரவில்லை.

இப்படிக்கு,
குத்துவிளக்குப் பட்டறைக்காரர்,
நாச்சியார்கோவில்.

(பெயரும் முகவரியும் தனித்தாளில் வைத்திருக்கிறேன். காரைக்கால் குடும்பத்தை யாரும் அடையாளம் காண வேண்டாம் என்பதால் அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)